பழைய காரும் ஆறாம் வேற்றுமையும்

ஆறாம் வேற்றுமையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. உருபு எளிது. அது, ஆது, அ என்று மாணவர் நொடியிற் சொல்லிவிடுவர். அவ்வுருபு உணர்த்தும் கிழமைப் பொருளை விளக்கப் புகும்போதுதான் வகுப்புச் சற்றே மௌனமாகும். கிழமையென்பது உரிமை. அது தற்கிழமை, பிறிதின்கிழமை என இருதிறப்படும். 'கந்தனது கை' என்புழிக் கை கந்தனை விட்டு நீங்காதது, ஆகவே தற்கிழமை. 'கந்தனது பசு' என்புழிப் பசு நீங்கத்தக்கது; இன்று கந்தனது, நாளை விற்றாற் சாத்தனது; ஆகவே பிறிதின்கிழமை. இவ்வளவில் எல்லார்க்கும் தெளிவு. சில காலத்துக்கு முன் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, லீசிங்கில் எடுத்த கார் எந்தக் கிழமை?" என்று வினவினான். வகுப்புக் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வினா நல்ல வினா.

லீசிங்கில் எடுத்த வண்டியொன்றின் பதிவுச் சான்றிதழை விரித்துப் பாருங்கள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். வண்டியை ஓட்டித் திரிபவர் பெயர் ஓரிடத்தில். முழுவுரிமையாளர் என்னும் இடத்தில் நிதிக் கொம்பனியின் பெயர். 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தை ஒட்டி நடைபெறும் ஒழுங்கு இது. கடைசித் தவணை கட்டித் தீர்ந்த பின்னரே கொம்பனியின் பெயர் நீங்கும். அதுவரையில் 'எனது கார்' என்று சொல்பவர் உருபை மாத்திரம் வைத்திருக்கிறார்; கிழமை கொம்பனியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பொருள் என்னை விட்டு நீங்கத்தக்கது என்பது பிறிதின்கிழமை. பொருள் இன்னும் என்னிடம் வந்து சேரவேயில்லை என்பதற்கு நம் இலக்கணகாரர் பெயரிடவில்லை. அவர்கள் காலத்தில் அப்படியொரு தேவை இருந்திராது.

லீசிங்கென்பதைக் குத்தகையென்று தமிழாக்கியிருக்கிறார்கள். குத்தகை யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிய சொல்லன்று. ஆயினும் இந்தத் தமிழாக்கம் எனக்கு முழுவதும் பொருந்தவில்லை. வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் வயலைத் தின்று தீர்ப்பதில்லை. போகம் எடுத்த பின்னரும் நிலம் நிலமாகவே கிடக்கும். காரோ ஓட ஓடத் தேயும். குத்தகையிலும் பார்க்க ஒற்றியே இதற்கு அணித்தாக நிற்பது. அதுவும் தலைகீழாய்க் கவிழ்த்து வைத்த ஒற்றி. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றிக்கு இடமுண்டு. காணிக்காரன் பணம் பெற்றுக்கொண்டு காணியை ஒற்றியாகக் கொடுப்பான். பணம் கொடுத்தவன் வட்டிக்கு ஈடாகக் காணியின் விளைவை அனுபவிப்பான். பணம் திரும்பியதும் காணி மீளும். அனுபவம் அயலவனிடம், உரிமை தன்னிடம். லீசிங்கிலோ அனுபவம் தன்னிடம், உரிமை அயலவனிடம். நம் முன்னோர் எதைக் கைவிடாமல் எதை விட்டுக்கொடுத்தார்கள், நாம் எதைக் கைவிட்டு எதைப் பெற்றோம் என்று ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். மீட்கப்படாமலே அயலவன் கைக்குப் போன ஒற்றிக் காணிகளும் இந்நாட்டில் ஏராளம். பழையதெல்லாம் நன்று என்று சொல்ல யான் வரவில்லை.

எனினும் என் கார் பழையது. 1955 இல் இங்கிலாந்திற் செய்த மொறிஸ் மைனர்; என்னைவிட வயதில் மூத்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் 2004 இல் வாங்கினேன். 2002 இல் ஏ9 வீதி திறந்தபின் தெற்கிலிருந்து யப்பான் வண்டிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டு முற்றங்களில் நின்ற பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் பலர் கழித்துவிட நினைத்தனர். நண்பர் சிலர் என் செயலைக் கேட்டுப் பரிதாபப்பட்டனர். முழுப் பணத்தையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுத்தேன். அன்று மாலையே பதிவுப் புத்தகம் என் மேசை இழுப்பறைக்கு வந்துவிட்டது.

மொறிஸ் மைனரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் 1959 இல் மினி என்னும் சிறு காரையும் ஆக்கிப் புகழ்பெற்றவர். மைனர் 1948 இல் இலண்டன் ஏள்ஸ் கோட் மோட்டார்க் காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. இங்கிலாந்திற் பத்து இலட்சத்தை எட்டிய முதற் கார் இதுவே. முன் கண்ணாடி நடுவே பிரிந்து இரண்டாக இருந்தால் 1956 க்கு முற்பட்டதென்று தூரத்திலேயே அறிந்துகொள்ளலாம், என்னுடையது அத்தகையது. என்ஜின் 803 கன சென்ரிமீற்றர், முப்பது குதிரைவலு. இன்று பள்ளி வாயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களிற் சில இதனை வலுவில் வென்றுவிடும். இதன் இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளே உண்டு. 'ஸ்ரீ' எழுத்து வந்தது 1957 இல். அவ்வெழுத்தின் பொருட்டு 1958 வரையில் இந்நாட்டில் மூண்ட கிளர்ச்சியையும் துயரத்தையும் இக்கட்டுரையில் விரித்தல் இயலாது. அதற்கு முன் தெருவுக்கு வந்த வண்டி இது என்பதை மாத்திரம் குறித்துவைக்கிறேன்.

1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இற் சந்தை திறக்கும்வரை, இருந்த கார்களையே இலங்கையர் பேணவேண்டியிருந்தது. இப்பேணுகை ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது. உதிரிப்பாகம் கப்பலில் வராவிட்டால் கடைசற்பட்டறையிற் கடைந்தெடுத்தனர். தகடு உக்கினால் வெட்டி ஒட்டினர்.

பின்னர் வந்தது 1990. அவ்வாண்டு யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயும் அரிதாகவே கிடைத்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் காரென்று ஓடியவை பெரும்பாலும் இந்தப் பழைய கிழவர்களே. 'சூப்பி' என்று நாம் சொன்ன சிறு போத்தலிற் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். அதைக் காபரேற்றருக்குள் பீச்சி என்ஜினை இயக்குவார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய என்ஜின்கள் அந்த மட்டமான உணவையும் முகஞ்சுளித்து ஏற்றுக்கொண்டன. வெண்புகை கக்கின, தெருவெல்லாம் நாறியது, எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து என்ஜின் ஓயிலை நீர்த்துப்போகச் செய்தது, என்ஜின்கள் காலத்துக்கு முன்னரே தேய்ந்தன. எனினும் பிரசவ வேதனையில் துடித்த பெண்களையும் காயம்பட்டோரையும் நள்ளிரவில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவையே. கணினியால் எரிபொருளை அளந்து பீச்சும் இன்றைய என்ஜினுக்கு அந்தப் பொறுமை இராது. அது குறையன்று, வேறு காலத்துக்கு வேறு கருவி. அந்தக் காலத்தை வாலிபனாய்க் கடந்த ஒருவன் பழைய காரை எளிதில் இகழ்ந்துவிட மாட்டான்.

இந்தப் பேணுகையைக் கண்டு வியந்த ஓர் ஆங்கிலேயர் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரிலே மொறிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ள்ஸ் வெயர் என்பார், நெடுங்காலம் பேணத்தக்க காரை வைத்திருத்தலே சிக்கனமென்று வாதித்து 1982 இல் ஒரு நூல் எழுதினார். புதுக்காரின் விலை முதற் சில ஆண்டுகளிலேயே சரிந்துவிடுகிறது. அந்தச் சரிவுக்குக் கொடுக்கும் பணத்தைப் பழுதுபார்ப்பவனது கூலியாகக் கொடுத்தால் வண்டியும் நிற்கும், தொழிலாளியும் நிற்பான் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் நூலோடு நின்றுவிடவில்லை. 1990 களில் இலங்கையில் மைனருக்கான உடற்றகடுகளைச் செய்விக்கும் தொழிற்சாலையொன்றையும் இங்குள்ளாரோடு சேர்ந்து தொடங்கினார். இங்கிலாந்திற் செய்து இங்கே அனுப்பிய காருக்கு இங்கே தகடடித்து அங்கே அனுப்பினார்கள்! தமிழ்ப் புலவர்க்கு இதில் ஒரு சிலேடை அகப்படக்கூடும். யான் கடந்து செல்கிறேன்.

கணக்குக்கு வருவோம். கற்பனைக் கணக்கே ஆயினும் கூட்டல் பிழையாது. ஒரு காரின் விலை 50 இலட்சம் ரூபா என்க. பாதியை முற்பணமாகக் கொடுத்து, மீதி 25 இலட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 14 வட்டியில், குறைந்து செல்லும் நிலுவைக்கு வட்டி கணிக்கும் முறையில், 60 மாதத்துக்கு லீசிங் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய ரூபா 58,170. அறுபது மாதமும் கட்டித் தீர்த்தாற் கொடுத்த தொகை 34 இலட்சத்து 90 ஆயிரம். பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைய வட்டி. இதனோடு முழுக் காப்புறுதியும் செய்தேயாகவேண்டும். ஏனெனிற் பொருள் கொம்பனியினது. எனக்கோ மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டத்துக்குப் போதும். வருமான அனுமதிப்பத்திரமும் புகைச் சோதனையும் இருவர்க்கும் பொது.

மறுபக்கக் கணக்கையும் மறைக்கக்கூடாது. என் கார் பெற்றோலைச் சற்றுத் தாராளமாகவே குடிக்கிறது. ஆண்டுக்கொருமுறையேனும் ஒரு பெரிய செலவு வைக்கும். ஒரு வருடம் முன் சில்லுத் தாங்கியின் திருகுமூட்டு. மறுவருடம் அடித்தட்டின் துரு. சில வருடங்களில் அச்செலவு இரண்டு மாதத் தவணைக்குச் சமமாய் வந்ததுமுண்டு. ஆயின் அச்செலவு எப்போது வருமென்பதை ஓரளவுக்கு யானே தீர்மானிக்கலாம். சம்பளம் போதாத மாதத்திற் காரைக் கொட்டிலில் நிறுத்தித் துவிச்சக்கர வண்டியிற் பாடசாலைக்குப் போவேன். கார் கோபிக்காது. தவணைக்கு அந்தத் தாட்சணியம் இல்லை.

இது வெறும் பேச்சன்று. எம்மோடு கற்பித்த இளம் ஆசிரிய நண்பர் ஒருவர் 2019 இற் புதிதாய் ஒரு சிறு காரை லீசிங்கில் எடுத்தார். கெட்டிக்காரர், சிக்கனக்காரர். மாலையில் நடத்திய தனியார் வகுப்புகளின் வருமானத்தை நம்பித் தவணையை வகுத்திருந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் நின்றன. அப்போது சிறிது கால அவகாசம் கிடைத்தது. 2022 இற் பெற்றோல் வரிசையும் விலையேற்றமும் வந்தபோது அவகாசம் இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட தவணைகளைத் தவறாது கட்டியவர் மூன்றைத் தவறவிட்டார். ஒருநாள் விடியற்காலை இருவர் வந்து கடதாசியைக் காட்டி வண்டியை எடுத்துச் சென்றனர். அடுத்த வீட்டார் வேலிக்கு மேலாற் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். "வண்டி போனது போகட்டும் ஐயா, பள்ளிக்கூடத்துக்கு எப்படி வாறதெண்டுதான் யோசிச்சன்" என்று அவர் சொன்னார். தெரு தூரமென்பது அவர் கருத்தன்று. கட்டிய பணத்துக்கு அவரிடம் எஞ்சியது பற்றுச்சீட்டுக் கட்டொன்று. கொம்பனி சட்டத்துக்குப் புறம்பாய் எதுவும் செய்ததாக யான் சொல்லவில்லை. தன் பொருளைத் தான் எடுத்தது. அதுதான் என்னை வருத்துவது.

'உடைமை' என்னும் சொல்லில் 'உடைதல்' ஒளிந்திருக்கிறதென்று மாணவர் நகையாடுவதுண்டு. வேர் வேறு. ஆயினும் பழைய கார் வைத்திருப்பவர்க்கு அந்த நகையாட்டில் ஓர் உண்மை தெரியும். உடைவதைச் செப்பஞ் செய்யும்போதே உடைமை வளர்கிறது. சாவியைத் திருப்பியதும் என் காரின் பெற்றோல் பம்பி 'டிக்டிக்'கென்று ஒலிக்கும் (இரட்டைக்கிளவிக்கு உதாரணமாக வகுப்பிற் சொல்லியிருக்கிறேன்). காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் தானே ஓய்ந்துவிடும். ஓயாமல் ஒலித்தால் எங்கோ ஒழுக்கு. ஒலிக்கவேயில்லையெனிற் சாவியாணியின் பிடியால் மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்ளும். முன் திருகுமூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கொருமுறை கிறீஸ் ஏற்றவேண்டும். மறந்தால் ஒருநாள் முன்சில்லு பக்கவாட்டிற் சரிந்து விழுந்துவிடும். இந்த நோய் மைனர்களுக்கு உலகெங்கும் பொது. இவற்றையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் எங்களூர்க் கராஜ்காரர். எழுத்தறிவு ஐந்தாம் வகுப்போடு நின்றது, காதாலே நோயறிவார். "மாஸ்ரர், பொயின்ற் எரிஞ்சுபோச்சு, உப்புத்தாள் போடுங்கோ" என்று தொலைபேசியிற் சத்தத்தைக் கேட்டே சொல்லுவார். அவர் கையில் என் கார் இருபது ஆண்டுகளாக மெல்ல மெல்ல மாறிவந்திருக்கிறது. தரைத்தகடு புதிது, கதவுக் கீல் வேறு, இருக்கைத் தோல் இங்கே தைத்தது. தற்கிழமையின் பிரிவுகளுள் 'திரிபின் ஆக்கம்' என்று ஒன்று உண்டு. நெல் பொரியாவது போல ஒன்று திரிந்து இன்னொன்றாதல். வாங்கியபோது பிறிதின்கிழமையாயிருந்த கார் இப்போது தற்கிழமையின் எல்லைக்கு வந்து நிற்கிறதோ என்று எனக்கு ஐயம். இலக்கணம் இதனை ஒப்பாது. யானும் பரீட்சைத் தாளில் எழுதச் சொல்லமாட்டேன்.

பழைய காரைப் புகழ்வோர் பெரும்பாலும் மறைக்கும் குறையொன்றுண்டு. காவல். மைனரில் விபத்தின்போது விரியும் காற்றுப்பை இல்லை. இருக்கைப் பட்டியும் செய்தபோது இல்லை, யான் பின்னர் பூட்டுவித்தேன். நான்கு சில்லுகளுக்கும் பழைய பீப்பாய்த் தடுப்புகளே. மழைநாளில் முன்னே போகும் பஸ் சடுதியாய் நின்றால் உள்ளம் திடுக்கிடும். குழந்தைகளை ஏற்றி நெடுந்தூரம் போவோர்க்கு இதனைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. யாழ்ப்பாணத்துத் தெருவில் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்திற் பாடசாலைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் பண்டிதனுக்கு இது போதும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டில் ஓடிய வண்டிகளின் விலை வாங்கிய விலையிலும் மேலே ஏறிற்று. பழைய கார் வைத்திருந்தோர் தம்மை மதியூகிகளென்று எண்ணிக்கொண்டனர். அது காலத்தின் கூத்து, எவருடைய மதியுமன்று. கதவு திறந்தபின் புதிய வண்டிகளும் லீசிங் விளம்பரங்களும் மீண்டும் வந்தன. தங்கை மகன், வங்கியொன்றில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவன், விளம்பரத் தாளோடு வீட்டுக்கு வந்தான்.

"மாமா, உந்தப் பழசை இன்னும் எத்தினை காலத்துக்கு வைச்சிருக்கப் போறியள்? மாசம் இவ்வளவுதான் கட்டவேணும். புதுசு."

"கட்டாட்டில்?"

"ஏன் கட்டாமல்? சம்பளம் வருகுதுதானே."

அவன் வயதில் எல்லார்க்கும் சம்பளம் வரும். நல்ல பிள்ளை, கோபிக்க இடமில்லை. மொறிஸ் மைனர் வாங்கென்று யான் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்த ஆண்டு கல்யாணம், பிறகு குழந்தைகள். 1990 களின் பிற்பகுதியிற் செய்த, ஒருவர் கையிலேயே இருந்த, பதிவுப் புத்தகத்தில் எந்தக் கொம்பனியின் பெயரும் எஞ்சியிராத ஒரு யப்பான் காரைத் தேடு என்றேன். கையிலிருக்கும் பணத்துள் விலை அடங்கவேண்டும். விலையின் ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனியே வைத்துக்கொள். வாங்குமுன் மழைநாளில் ஒருமுறை, வெயில்நாளில் ஒருமுறை ஓட்டிப் பார். குளிர்ந்த என்ஜினை நீயே இயக்கு, விற்பவன் முன்னரே சூடாக்கி வைத்திருக்க விடாதே. கம்பளத்தைத் தூக்கி அடித்தட்டைக் கையாற் தடவு என்று சொன்னேன். குறித்துக்கொண்டான். விளம்பரத் தாளையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

சென்ற கிழமை இருவரும் கராஜ்காரரோடு போய்ச் சுன்னாகத்தில் ஒரு காரைப் பார்த்தோம். வெள்ளை நிறம், வெளியே பளபளப்பு. கராஜ்காரர் கீழே குனிந்து திருப்புளியால் ஒருதரம் தட்டினார்; திருப்புளி உள்ளே போய்விட்டது. விற்பவர் வானத்தைப் பார்த்தார். வட்டுக்கோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற டாக்குத்தர் ஒருவரின் வண்டி வருகிற மாதம் விலைக்கு வருமென்று கேள்வி. அதுவரை பொறுப்பதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.